ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரைக் குறைக்காதே

அன்புள்ள மருமகளுக்கு,

காலேஜ் ஃபீஸ் கட்டுவதற்காக இந்தச் சித்திரை, வைகாசியில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போகப்போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். உன்னை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆறு வருஷம் உப்பு சுமந்த கூலியில்தான் நானும் நர்ஸ் படிப்பு படித்தேன். ஆனால் அந்த ஆறு வருஷமும் நான் செய்த தப்பை நீ செய்துவிடக் கூடாது.

விடியுமுன் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவோம். ஒரு வாய் காப்பியோடு சரி, அதற்குமேல் வேண்டுமென்றே எதுவும் குடிக்கமாட்டேன். நம் தூத்துக்குடி உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மரமும் இல்லை, மறைவும் இல்லை. ஆம்பளைகள் வரப்போரம் போய்விடுவார்கள். நாம் எங்கே போவது? குடித்தால்தானே அந்த அவஸ்தை என்று, கொண்டுபோன பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவேன். இரண்டாம் வருஷம் நீர்க்கடுப்பு வந்தது. சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனது. வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. குளிர்காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருப்பது தெரிந்தது.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர், உடம்பு தாங்கக்கூடிய அளவை மீறிய வெக்கையில் வேலை பார்த்தார்கள். சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலையே குறைந்திருந்தது.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போய்விடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே, அது பிந்தித்தான் வரும். இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் குடி. மொத்தமாக இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும்.

“உப்புக்குள்ளேயே நிற்கிறோம், நமக்கு என்ன உப்பு குறையப்போகிறது” என்று பெரியம்மாக்கள் சொல்வார்கள். தோல் வழியாக உப்பு உள்ளே போகாது, மருமகளே. ரவிக்கையில் வெள்ளையாகக் கோடு விழுகிறதே, அதெல்லாம் உன் உடம்பை விட்டுப் போன உப்பு. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். காலையில் கஞ்சியோடு நீராகாரத்தையும் குடித்துவிட்டுப் போ. உப்புப் போட்ட மோர் ஒரு தூக்குவாளி கொண்டுபோ. ரொம்பத் துவண்டுபோனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும். சிக்கனம் பார்த்துப் பாதி பாதியாகக் கண்ணளவில் போடாதே.

முதல் வாரம் அம்மாவோடு சரிக்குச் சரி ஓடாதே. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பழகியபின் வேர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். உன் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, உனக்கு இன்னும் இல்லை. யாராவது பேச்சுக் குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், வாயில் தண்ணீர் ஊற்றாதே; புரை ஏறிவிடும். நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறு, 108-ஐக் கூப்பிடு.

இதையெல்லாம் படித்துவிட்டு, “ஒதுங்குவதற்கு என்ன வழி அத்தை” என்றுதான் கேட்பாய். கக்கூஸ் கட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், அது கேட்க வேண்டிய நியாயம்தான். தனியாகக் கேட்டால் கண்டிராக்டர் காதில் விழாது. பெண்கள் எல்லாரும் சேர்ந்து போய் நில்லுங்கள். அது வரும்வரைக்கும் நாலு கம்பு நட்டு, சாக்கைச் சுற்றிக் கட்டி ஒரு மறைப்பு போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இருந்தபோது ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கம்பு அண்ணனிடம் இருக்கும். சாக்கும் கயிறும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அத்தை