பழைய உழவு இயந்திரம் வாங்குமுன்

கமக்காரர்களே! பெரும்போக உழவின் நடுவே இயந்திரம் நின்றால் மானாவாரி விதைப்பு பிந்திவிடும். ஆகவே, பழைய உழவு இயந்திரத்தை அது குளிர்ந்திருக்கும்போதே பார்த்தல் வேண்டும். முன்னதாக இயக்கி வைக்க வேண்டாமென விற்பவருக்குச் சொல்லி வையுங்கள்; சூடேறிய இயந்திரம் தன் குறையை மறைக்கும்.

முதலில் றேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். மட்டக்களப்பு வாவியோர ஊர்களில் அவசரத்துக்கு உவர்நீர் ஊற்றுவோர் உளர். அதனால் உள்ளே துருப்பிடிக்கும். நீரில் எண்ணெய் மிதந்தாலும், அளவுகோலில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும், நீரும் எண்ணெயும் உள்ளே கலக்கின்றன எனக் கொள்ளுங்கள். புதிய வர்ணப் பூச்சு இதற்கு மருந்தன்று.

பின்னர் கலப்பை பூட்டி அரை மணி நேரம் உழுது பாருங்கள். சுமையில் சிறிது கரும்புகை வருதல் இயல்பு. நீலப்புகை நீங்காதிருப்பின் எண்ணெய் எரிகின்றது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். திருத்தச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.