மறந்த மெட்டும் எழுதிய ஏடும்

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே கரைவது. அதைக் காத்து வைக்க மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று மனனம்; மற்றொன்று எழுத்து. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் இழப்பு நேரும் என்பதற்கு வயலினின் வரலாறே தக்க சான்று.

இத்தாலியில் பகானினி (1782–1840) வயலினில் புதுமைகள் படைத்த காலத்திலேயே, சென்னையில் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) அக்கருவியைக் கையில் எடுத்தார். இவர் முத்துசாமி தீட்சிதரின் இளவல். மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சகோதரர்கள் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்டனர். பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, நம் இராகங்களை அதில் இசைத்துக் காட்டினார்; பின்னர் எட்டயபுரம் அரசவை வித்துவானாக விளங்கினார். தமையனாரோ, கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் புனைந்தார். 'நோட்டுஸ்வர சாகித்தியங்கள்' எனப்படும் அவை ஏறத்தாழ 40 ஆகும். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம்' அமைந்துள்ளது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார இரயிலில் செல்லும் நாம், கோட்டை நிலையத்தைக் கடக்கையில் இதனை நினைவு கொள்ளலாம்.

இனி இத்தாலியைப் பார்ப்போம். பகானினியின் 24 'கப்ரீச்சி'கள் 1820இல் அச்சேறின. இன்றும் வயலின் கலைஞர்கள் அவற்றைப் பயில்கின்றனர். ஆனால் அவரது புகழின் நிழலில் சிவோரி (1815–1894), பட்சீனி (1818–1897) போன்றோரின் படைப்புகள் பெரும்பாலும் மறக்கப்பட்டன. எனினும் அவை தாளில் உறங்குகின்றனவேயன்றி இறந்துவிடவில்லை. தேடி எடுத்து வாசிப்போர் கையில் அவை மீண்டும் உயிர் பெறுகின்றன.

பாலுசாமி தீட்சிதரின் இராக ஆலாபனையோ அவருடனேயே மறைந்தது. நம் இசை மனனத்தையே பெரிதும் நம்பியிருந்தது. ஒரு சீடர் பரம்பரை அற்றுப்போனால் ஒரு நூலகமே எரிந்ததற்கு ஒப்பாகும்.

இந்த ஆபத்தை உணர்ந்தவர் சின்னசாமி முதலியார். கருநாடக இசை உருப்படிகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி, 1893இல் நூலாக வெளியிட்டார். அப்பணியில் தம் பொருளை இழந்தார், கண்ணொளியையும் இழந்தார். பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதரை (1839–1906), குடும்பச் சொத்தாக இருந்த கீர்த்தனைகளை வெளியிடுமாறு தூண்டியவரும் அவரே. எட்டயபுரம் அரசரின் ஆதரவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் உள்ளன. வெறும் சுரங்களை மட்டும் எழுதினால் நம் இசையின் உயிர் புலப்படாது என்பதால், கமகங்களுக்கும் தனிக் குறிகள் அமைத்தார். சென்னை மியூசிக் அகாதமி 1961 முதல் அதனைத் தமிழ் எழுத்தில் 5 பகுதிகளாக வெளியிட்டது.

ஆயினும் ஏடு மட்டும் இசையாகிவிடாது. அதைப் படிப்பவர் வேண்டும். படித்ததை வாசிப்பவர் வேண்டும். வாசித்ததைச் செவியால் திருத்தும் ஆசிரியரும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் சங்கீதக் குடும்பங்களும் வாழ்ந்து வருகின்றன. தாத்தாவின் கையெழுத்தில் ஓர் இசை நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடும். பழந்தாள் என்று எடைக்குப் போடுமுன், அதைப் பிரதி எடுங்கள். எழுதியவர் பெயரையும் ஊரையும் குறியுங்கள். பிறகு வயலின் அறிந்த ஒருவரிடம் கொடுத்து, ஒரு முறையேனும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.