மூன்று எழுத்தில் ஒரு வலி

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கார்த்திக்,

போனில் சொன்னால் 'ம், ம்' என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அப்பா திதியை உன் அண்ணன் ஒருவனாகவே கொடுத்தான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் பந்தி போட்டோம். உனக்கென்று போட்ட தலைவாழை இலையை மூன்று மணிவரை உன் அம்மா எடுக்கவிடவில்லை. அப்புறம்தான் உன் மெசேஜ் வந்தது. போனை என்னிடம் நீட்டி, "அண்ணா, எஸ்-ஆர்-ஒய்னு போட்டிருக்கானே, யாரோட இனிஷியல் இது?" என்று கேட்டாள். "சாரிங்கறான்மா" என்றேன். "அதைக்கூட முழுசா எழுத நேரமில்லையா?" என்றவள், அந்த வெறும் இலையைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவன் நான். அந்தச் சொல்லைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் வலி, புண். இன்று புண்ணுக்குச் சொல்லும் 'சோர்' அதிலிருந்து வந்ததுதான்; 'சாரி'யும் அதன் பிள்ளையே. துயரத்தைக் குறிக்கும் 'சாரோ' உடன்பிறப்பு மாதிரி தெரியும். அது வேறு வேர். பழகிப் பழகி இரண்டும் ஒரே ஜாடை ஆகிவிட்டன. துக்க வீட்டில் ஆங்கிலேயர் 'சாரி' சொல்வது மன்னிப்புக் கேட்டு அல்ல, 'உன் வலி எனக்கும் வலிக்கிறது' என்று. காதில் சரியாக விழாவிட்டாலும் 'சாரி?' என்பார்கள். அந்த இடத்தில் வலி அறவே போய், சொல் மட்டும் மிச்சம்.

நாம் 'மனம் புண்பட்டது' என்று அடிபட்டவரைத்தான் சொல்கிறோம். 'சாரி'யின் வேரில் புண்பட்டு நிற்பவன், அதைச் சொல்கிறவன். 'மன்னித்துவிடு' என்றால் வேலையை எதிராளியிடம் கொடுக்கிறோம். 'வருந்துகிறேன்' அதைவிடக் கிட்ட வரும். அதையும் அந்தக் கால டிவியில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போட்டுப் போட்டு நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள்.

இந்த ஒரு சொல்லுக்காக ஒரு தேசமே வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்துக் கொண்டுபோன கொடுமையை 1997-ல் ஒரு விசாரணை அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. பிரதமர் ஜான் ஹோவர்ட் 1999-ல் நாடாளுமன்றத்தில் 'ஆழ்ந்த வருத்தம்' வரைக்கும் வந்தார். 'சாரி' அவர் வாயில் வரவில்லை. 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். மேலே ஒரு விமானம் புகையால் 'சாரி' என்று வானத்தில் எழுதிப்போனது. கடைசியில் 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் அதைச் சபையில் சொன்னார். அப்படிப் பிரிக்கப்பட்டு முதுமை கண்டவர்கள் நேரில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவர்களுக்கு 'வருத்தம்' ஏன் போதவில்லை? மழை பெய்து பயிர் அழுகினால்கூட வருத்தப்படலாம். 'சாரி'யில் 'நான் செய்தேன்' என்பதும் சேர்ந்து வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

பஸ்ஸில் கால் மிதித்தால் சாரி சொல், தப்பில்லை. வீட்டு மனுஷரிடம் சொல்லும்போது மட்டும் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல். 'மீட்டிங் இருந்தது' என்ற காரணம் பிறகு வரட்டும். அதை முன்னால் விட்டால் சொல்ல வந்தது பின்னால் போய்விடும். 'மனசு கஷ்டமாயிருந்தா சாரி' என்று 'இருந்தா' போடாதே. கஷ்டமாய் இருந்ததா என்று கேட்க வேண்டியதே இல்லை, இலை சாட்சி.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, அன்னிக்கு நான் வந்திருக்கணும், வரலை" என்று சொல்லு. அந்த ஆங்கிலச் சொல் வேண்டியிருக்காது. அவள் பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய் இலை நறுக்க ஆரம்பித்தால், கேட்டுவிட்டாள் என்று அர்த்தம்.

அன்புடன்,
மாமா