ஊருக்குள் ஒரு மலை: அத்திகிரியும் அத்தியூரானும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்தில் அடைமொழி ஏதுமின்றிக் ‘கோயில்’ என்றால் அது திருவரங்கம். ‘திருமலை’ என்றால் திருவேங்கடம். ‘பெருமாள் கோயில்’ என்றால் திருக்கச்சி அத்திகிரி. இம்மூன்றில் முதலாவது ஆற்றிடைத் தீவு என்பதைக் கண்ணால் காண்கிறோம். இரண்டாவது மலை என்பதில் ஐயமே இல்லை. மூன்றாவதற்கும் ‘கிரி’ என்றே திருநாமம் வழங்கி வருகிறது. ஆயினும் காஞ்சிபுரத்துக்கு முதன்முறையாக வரும் அன்பர்கள், சின்னக் காஞ்சிபுரத்து வீதிகளையும் நெசவாளர் வீடுகளையும் கடந்து மேலைக் கோபுர வாசலில் வந்து நின்று, ‘மலை எங்கே இருக்கிறது?’ என்று கேட்பதுண்டு.

இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. கிரி என்பது வெறும் உபசாரச் சொல்லா, அன்றிப் பொருளுடைய திருநாமமா என்பது இதில் அடங்கியிருக்கிறது. பூதத்தாழ்வாருடைய பாசுரங்களையும் இத்தலத்தின் வரலாற்றையும் சேர்த்து அநுஸந்தித்தால் இதற்கு விடை கிடைக்கும்.

திருநாமமும் தோற்றமும்

இத்தலத்தின் வரலாற்றை ஸ்வாமி வேதாந்த தேசிகன் ‘மெய்விரத மான்மியம்’ என்னும் தமிழ்ப் பிரபந்தத்தில் பாடியருளினார். பிரமன் எம்பெருமானைக் கண்ணாரக் காண விரும்பி ஸத்யவ்ரத க்ஷேத்ரமாகிய காஞ்சியில் அச்வமேத யாகம் செய்தான். தன்னை விட்டு யாகம் நடப்பதைப் பொறாத ஸரஸ்வதி, வேகவதி என்னும் ஆறாய்ப் பெருகி அதை அழிக்க வந்தாள். எம்பெருமான் அவ்வெள்ளத்தின் குறுக்கே அணையாகச் சயனித்தருளினான். அவ்விடமே திருவெஃகா. யாகம் நிறைவேறியது. சித்திரை மாதத்து அஸ்த நக்ஷத்திரத்தில், உத்தரவேதியில் மூண்ட அக்கினியின் நடுவே பேரருளாளன் தோன்றி அருளினான். அந்த உத்தரவேதியே அத்திகிரி.

ஆகவே இம்மலை வேள்வித் தீயை ஏந்திய மேடை. யானைகள் வழிபட்ட மலையாதலால் ஹஸ்திகிரி என்றும், அச்சொல்லே தமிழில் அத்திகிரி ஆயிற்று என்றும் கூறுவர். அத்தி மரத்தோடு இத்தலத்துக்கு உள்ள தொடர்பையும் அப்பெயர் நினைவூட்டுகிறது. ஊருக்கு அத்தியூர் என்றும், மலைக்கு அத்திகிரி என்றும் பெயர் அமைந்ததால், இங்கே ஊரையும் மலையையும் பிரித்துப் பேச இயலவில்லை.

பூதத்தாழ்வார் காட்டும் நெறி

இரண்டாம் திருவந்தாதியின் 95, 96 ஆம் பாசுரங்களில் பூதத்தாழ்வார் இப்பெருமானை மங்களாசாஸநம் செய்தருளுகிறார். முதற்பாசுரம் தம் நெஞ்சில் எம்பெருமான் இருப்பதைச் சொல்லித் தொடங்குகிறது. அடுத்துத் தம் தலைமேல் அவன் இருப்பதைச் சொல்கிறது. பிறகே இரணியனின் வன்னெஞ்சைப் பிளந்த செயலையும், காலத்துக்கு முற்பட்டு நின்று காலத்தை நடத்தும் பெருமையையும், கையில் ஏந்திய திருவாழியையும் கூறி, ‘அத்தியூரான்’ என்று முடிக்கிறது. அந்தாதி முறையில் அடுத்த பாசுரம் அதே திருநாமத்தை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. கருடனை ஊர்பவன், மணி பொருந்திய படங்களையுடைய நாகத்தின்மேல் துயில்பவன், முத்தீயோடு கூடிய மறைகளாய் இருப்பவன், நஞ்சுண்ட சிவனுக்கும் இறைவன் என்று அடுக்கிச் சென்று, அவனே நமக்குத் தலைவன் என்று உரிமையோடு நிறைவு செய்கிறது.

இவ்விரண்டு பாசுரங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் அமைப்பு புலப்படுகிறது. தொடக்கத்தில் இருப்பது ஆழ்வாருடைய நெஞ்சு. முடிவில் இருப்பது ‘நம்முடையவன்’ என்னும் உறவு. இவை இரண்டும் ஸௌலப்யம். இடையில் நிற்பவை கருடன், ஆதிசேஷன், வேதம், சிவனுக்கும் இறையாகை ஆகியவை, இவை பரத்வம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒரு பாசுரத்தின் ஈறாகவும் மறுபாசுரத்தின் முதலாகவும் நிற்பது ‘அத்தியூரான்’ என்னும் திருநாமம். எட்டாத உயரம் எளிமையின் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. ஊரின் நடுவே மலை இருப்பதன் பொருள் இதுவே என்று கொள்ளத் தகும்.

மேலும் இரு குறிப்புகள் உள. இரணியனைப் பிளந்ததை ஆழ்வார் இங்கே நினைப்பதும், முத்தீயோடு மறையைச் சேர்த்துப் பேசுவதும் தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. அத்திகிரியின் குகையில் எழுந்தருளியிருப்பவர் நரசிங்கப் பெருமான். மேலே எழுந்தருளியிருப்பவர் வேள்வித் தீயிலிருந்து தோன்றிய வரதன். மலையின் இரு நிலைகளையும் இவ்விரு பாசுரங்களில் நாம் ஸேவிக்கலாம்.

மலையேறும் வழி

மேலைக் கோபுரத்தின் வழியே உள்ளே சென்றால் இடப்புறத்தில் நூற்றுக்கால் மண்டபம் என வழங்கும் கல்யாண மண்டபம் காணப்படும். உண்மையில் அதில் 96 தூண்கள் உள்ளன. விஜயநகர காலத்துச் சிற்பிகளின் கைவண்ணம் அது. மூலைகளில் தொங்கும் கற்சங்கிலிகளைக் காண வருவோர் பலர். அதன் வடபுறம் அனந்தஸரஸ் திருக்குளம். உள்ளே திருக்கச்சி நம்பிகள், கரியமாணிக்கப் பெருமாள் முதலானோர் ஸந்நிதிகளும், கல்யாணகோடி விமானத்தின் கீழ்ப் பெருந்தேவித் தாயார் ஸந்நிதியும் உள்ளன.

தாயாரை ஸேவித்துப் புருஷகாரம் பெற்றபின் மலையை அணுகுகிறோம். கண்ணுக்குத் தெரிவது கருங்கல்லால் அமைந்த உயர்ந்த மாளிகை போன்ற கட்டடம். அதன் கீழ்நிலையில் குகை போன்ற ஸந்நிதியில் அழகிய சிங்கர் ஸேவை ஸாதிக்கிறார். அங்கிருந்து மேலே செல்லப் படிகள் 24. காயத்ரியின் 24 எழுத்துகள் என்றும், ப்ரக்ருதி முதலான 24 தத்துவங்கள் என்றும் பெரியோர் இதற்குப் பொருள் கூறுவர். இரண்டாவது பொருளின்படி, அசித்தின் தத்துவங்கள் அனைத்தையும் கடந்தபின் ஜீவன் பரமனைக் காண்கிறான். உச்சியில் புண்யகோடி விமானத்தின் கீழ், மேற்கு நோக்கி நின்ற திருக்கோலத்தில் பேரருளாளன் எழுந்தருளியிருக்கிறான். இவ்விமானத்துக்கு 1514 ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் பொன் வேய்ந்தார் என்பது கல்வெட்டுச் செய்தி.

திருவேங்கடத்தில் ஏழு மலைகளைக் கடக்கிறோம். திருக்கடிகையாகிய சோளிங்கபுரத்தில் பெரிய மலைக்கு 1,300 படிகளுக்கும் மேல் ஏறுகிறோம். இங்கோ 24 படிகளே. முதியவரும், குழந்தையை இடுப்பில் வைத்த தாயும் ஏறிவிடக்கூடிய மலை இது.

மலையிலிருந்து இறங்கிய அருள்

இம்மலையின் பெருமையைக் கற்களைவிட இதில் நடந்த உரையாடல்களே நன்கு விளக்கும். பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் இங்கே திருவாலவட்டக் கைங்கர்யம் செய்தார். வரதன் அவரோடு நேரில் பேசுவான். இராமாநுசரோ சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் கொண்டுவந்து ஸமர்ப்பித்து வந்தார். தம் உள்ளத்து ஐயங்களுக்கு விடை வேண்டி அவர் நம்பிகளையே நாடினார். வேதாந்தம் கற்ற இளைஞர், குலத்தைப் பாராமல், விசிறி வீசும் அடியவர் வாயிலாக விடை பெற்றார். நம்பிகள் கொண்டுவந்த ஆறு வார்த்தைகளின் சாரம் இது: தானே பரதத்துவம்; ஜீவனும் ஈச்வரனும் வேறுபட்டவர்; சரணாகதியே உபாயம்; அந்திம காலத்தில் நினைவு வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை; தேக முடிவில் மோக்ஷம்; பெரிய நம்பிகளை ஆசார்யராகப் பற்றுக.

அந்த ஆறாவது வார்த்தை கவனிக்கத் தக்கது. தன் மலையடியில் இருப்பவரை வரதன் வேறொருவருடைய திருவடிகளுக்கு அனுப்புகிறான். பின்னர்த் திருவரங்கப் பெருமாள் அரையர் இங்கு வந்து பாடிப் பெருமாளை உகப்பித்து, பரிசாக இராமாநுசரையே கேட்டார். கேட்டதைத் தருபவன் என்பதே வரதன் என்னும் திருநாமத்தின் பொருளாதலால் மறுக்க இயலாமல் தந்தருளினான். கோயிலுக்கு உடையவரைத் தந்தது பெருமாள் கோயிலே.

கூரத்தாழ்வான் கண்ணிழந்தபின், எம்பெருமானாரின் நியமனத்தால் இங்கே வரதராஜ ஸ்தவம் பாடினார். வரதன் உகந்து வேண்டியதைக் கேள் என்றபோது, தமக்கு நேர்ந்த தீங்குக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிடைக்க வேண்டும் என்று ஆழ்வான் பிரார்த்தித்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. இவ்வளவு சிறிய படிக்கட்டின் உச்சியில் இவ்வளவு பெரிய வரம் கேட்கப்பட்டது.

சோளிங்கபுரத்து தொட்டயாசார்யர் ஒவ்வோர் ஆண்டும் வைகாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் கருட ஸேவைக்கு வருபவர். ஓராண்டு வர இயலாமல் தக்கான் குளக்கரையில் நின்று உருகினார். வரதன் அங்கேயே கருடன்மேல் காட்சி தந்தான். அதன் நினைவாக இன்றும் மூன்றாம் திருநாளில் கோபுர வாசலில் குடைகளால் மறைத்துத் திறக்கும் ‘தொட்டயாசார்யர் ஸேவை’ நடக்கிறது. பெரிய மலையின் அடிவாரத்தில் வாழ்ந்தவர் இச்சிறு மலையை நினைத்து ஏங்கினார் என்பதை நாம் மறக்கலாகாது.

பிரிவும் மீட்சியும்

1688 ஆம் ஆண்டளவில், முகலாயப் படையெடுப்பின் அச்சத்தால் காஞ்சியின் உத்ஸவ மூர்த்திகள் ஊரைவிட்டு மறைவாக எடுத்துச் செல்லப்பட்டனர். பிணங்களைச் சுமந்து செல்வதுபோல் வேடமிட்டுக் கொண்டு சென்றனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. பேரருளாளன் உடையார்பாளையத்துக் காடுகளில் தங்கினான். அமைதி திரும்பியபின்னும் அப்பாளையத்துத் தலைவர் பெருமாளைப் பிரிய மனமின்றித் தர மறுத்தார். ஆத்தான் திருவேங்கட ராமாநுஜ ஜீயர் முயன்று, தோடர்மல்லின் துணையோடு 1710 இல் பெருமாளை மீண்டும் அத்திகிரிக்கு எழுந்தருளப் பண்ணினார். இச்செய்தியைக் கோயிலிலுள்ள கல்வெட்டே பகர்கிறது. உடையார்பாளைய உத்ஸவம் இன்றும் இதை நினைவூட்டுகிறது.

அந்த 22 ஆண்டுகளில் மலை இருந்தது, படிகள் இருந்தன. வீதியில் உலா வந்து ஊராரை நலம் விசாரிக்கும் பெருமாள் மட்டும் இல்லை. ஊர் என்ன இழந்தது என்பதை அக்காலத்தவர் அறிந்திருப்பர். உடையார்பாளையத்தாரோ, சில ஆண்டுகளே இருந்தவனைப் பிரிய மாட்டாமல் தவித்தனர். எங்கே போனாலும் அங்கேயே சொந்தமாகிவிடுவது அவன் இயல்பு.

மலையடியில் நீர்

அனந்தஸரஸில் அத்தி மரத்தாலான ஆதி வரதர் சயனித்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979 க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் ஸேவை நடந்தது. ஜூலை முழுதும் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர் என்று கணக்கிடப்பட்டது. மணிக்கணக்கில் வெயிலில் காத்து நின்று, சில நொடிகளே கண்டு திரும்பினர். அவர்களுள் பலர் மலைமேல் நிற்கும் மூலவரை ஸேவிக்காமலே ஊர் திரும்ப நேர்ந்தது.

அத்தி வரதரைக் காணும் பேறு அடுத்து 2059 இல். அதுவரை நமக்கு வாய்ப்பு இல்லையே என்று வருந்துவோர் உண்டு. பேரருளாளனோ நாள்தோறும் அதே ஊரில், அதே மதிலுக்குள், 24 படிகளுக்கு மேல் காத்து நிற்கிறான். அரிதாகக் கிடைப்பதைத் தேடி ஓடும் நெஞ்சு எளிதாகக் கிடைப்பதை மதிப்பதில்லை. ஸௌலப்யத்தைக் குறையாக எண்ணி இழப்பது ஸம்ஸாரிகளின் இயல்பு என்று பூர்வாசார்யர்கள் மீண்டும் மீண்டும் எச்சரித்ததும் இதனையே.

முடிவாக

‘மலை எங்கே?’ என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நாம் அண்ணாந்து தேடும் உயரத்தில் அது இல்லை. எம்பெருமானுடைய மேன்மையே இங்கு மலை. அது ஊருக்குள் இருப்பது அவனுடைய எளிமை. இவ்விரண்டும் ஒருங்கே இருக்கும் இடத்தையே ஆழ்வார் அத்தியூர் என்று காட்டினார்.

நடாதூர் அம்மாள் ஸ்ரீபாஷ்யம் உபந்யஸித்ததும், தூப்புலில் தோன்றிய தேசிகன் அடைக்கலப்பத்துப் பாடியதும், பிள்ளை லோகாசார்யர் மரபினர் தம் ரஹஸ்ய க்ரந்தங்களின் வேரைத் தேடுவதும் இவ்வொரு பெருமாளிடமே. எந்த மரபில் வந்தவராயினும், இராமாநுசரைத் தந்த இம்மலைக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். நேரில் வரும் அன்பர்கள் படியேறும்போது இவ்விரு பாசுரங்களையும் அநுஸந்தித்துக்கொண்டு ஏறுக. தொலைவில் வாழும் அன்பர்கள், தொட்டயாசார்யரை நினைத்து இருந்த இடத்திலேயே அநுஸந்திக்கலாம். பூதத்தாழ்வார் முதலில் சொன்ன இடம் நெஞ்சு அன்றோ?

பேரருளாளன் திருவடிகளே சரணம்.
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.