கோட்டையும் தறியும்: ஆவணங்களின் வழி ஆரணியின் அடையாளம்

முன்னுரை

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி இன்று ‘பட்டு நகரம்’ என்னும் ஒற்றைப் பெயரால் அறியப்படுகிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயின், ஆவணங்களுள் புகுந்து தேடுவார்க்கு இவ்வூர் பல முகங்களோடு தோன்றுகிறது. அவற்றுள் எவை எவ்வாவணங்களால் காக்கப்பட்டன, எவை விடுபட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்லும் கோட்டையும்

ஆரணியை அடுத்த பூண்டிச் சமணக் கோயில் கல்வெட்டு சம்புவராயர் காலச் சமயச் சூழலைக் காட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டு முதல் மராத்தியப் பிராமணர் இங்கு ஜாகீர்தாரர்களாக விளங்கினர். சத்தியவிஜய நகரத்திலுள்ள மாத்துவத் துறவியின் பிருந்தாவனம் அக்காலப் பண்பாட்டுத் தொடர்புக்குச் சான்றாகும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களிலோ ஆரணி ஒரு போர்க்களம்: 1751இல் கிளைவ் ராஜா சாகிபை வென்ற இடம், 1782இல் ஐர் கூட் ஐதர் அலியை எதிர்த்த இடம். ஐதரின் தளவாடங்கள் இக்கோட்டையில் இருந்தமையே அவ்விரண்டாம் போருக்குக் காரணம்.

விடுபட்ட தறி

கல்வெட்டு கொடையாளரையும், கம்பெனி ஆவணம் படையையும், வருவாய்ப் பதிவேடு நிலத்தையும் நோக்குகின்றன. நெசவாளர் இவற்றில் பெரிதும் வரி செலுத்துவோராகவே இடம்பெறுகின்றனர். 1973 முதல் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் உடனாய்வாளரும் மேற்கொண்ட தொடர் கள ஆய்வுகள், நெல் வணிகமும் பட்டு நெசவும் இணைந்த சந்தை நகரமாக ஆரணியை நிறுவின. எனினும் அவை ஆய்வாளர் உருவாக்கிய சான்றுகள். ஊர் தானே எழுதிவைத்தவை அல்ல.

ஊரின் எழுத்து முதலாளி வீட்டுக் கணக்கேடுகளிலும் கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளிலும் உள்ளது. கொடுத்த பட்டின் எடை, சரிகை, திரும்பிய சேலை, கூலி, முன்பணம், பிடித்தம் ஆகியவை அவற்றில் வரிவரியாகப் பதிவாகும். ஓராண்டுக் கணக்கைத் தொடர்ந்து படித்தால், முன்பணம் எவ்வாறு தீராக் கடனாகிறது என்பது புலப்படும். ஆயினும் அவை கூலி கொடுப்போரின் எழுத்து. நெய்வோரின் வாய்மொழியோடு ஒப்பிட்டே கொள்ளத்தக்கன.

முடிவுரை

ஆரணியின் பெருமை பட்டில் மட்டும் இல்லை. சமணம், மராத்தியம், படை, நெல், தறி ஆகியவை ஒன்றோடொன்று முரணியும் இணைந்தும் நிற்பதில் உள்ளது. கோட்டையின் வரலாறு அரசு ஆவணக் காப்பகங்களில் பாதுகாப்பாக உள்ளது. தறியின் வரலாறோ பரண்களில் செல்லரிக்கிறது; தொழிலை விடும் குடும்பங்கள் பழைய ஏடுகளை எடைக்குப் போட்டுவிடின் அதனை மீட்க இயலாது. தமிழ்த்துறைகள் ஓலைச்சுவடிகளுக்குக் காட்டிய அக்கறையை இக்கணக்கேடுகளுக்கும் காட்டுதல் காலத்தின் தேவையாகும்.