வெயில் தின்ற படகைப் புதுப்பித்தல்

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து கரையோரம் வந்த குடும்பங்களுட் சில, களப்பு மீன்பிடிக்கென்று பழைய கண்ணாடியிழைப் படகொன்றை வாங்குவதுண்டு. காப்பையோ தோட்டையோ ஈடுவைத்த காசு அது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வகைப் படகுகள் எமது கரைகளில் ஏராளமாக வழங்கப்பட்டன. அக்காலப் படகுகள் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டன. ஆகவே அவற்றின் மேற்பரப்பைப் பற்றி இப்பாடத்தில் பார்ப்போம்.

மரம் உக்கும் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடியிழை பழுதாகாது என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். அது கண்ணாடி நூலைப் பிசினில் தோய்த்து இறுகவைத்த பொருள். நூலை வெயில் ஒன்றும் செய்யாது. பிசினைத்தான் சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. அதைக் காப்பதற்கு வெளியே அரை மில்லிமீற்றர் அளவில் ஜெல்கோட் எனும் நிறப்பூச்சு உண்டு. முதலில் அதன் மினுக்கம் போகும். பின்னர் தடவினால் சுண்ணாம்பு போலத் தூள் ஒட்டும். அதுவும் தேய்ந்துபோனால் நூல் வெளியே தெரியும். தொட்டால் காஞ்சோண்டி பட்டாற்போல் கடிக்கும்.

தூள் மட்டும் ஒட்டினால் பயமில்லை. நன்னீரால் கழுவி, 400, 600 இலக்க நீர் அரத்தாளால் நனைத்துத் தேய்த்து, மெழுகு பூசினால் போதும். நூல் தெரிந்தால் அதன் வழியே நீர் ஊறியிருக்கும். வாங்குமுன் நாணயத்தால் எங்கும் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் உள்ளடுக்குகள் பிரிந்துள்ளன. புதுப் பெயின்ற் பளபளக்கும் படகானால் இரண்டு தரம் தட்டுங்கள்.

நூல் தெரியும் இடத்தை முதலில் நன்னீரால் கழுவி உப்பை அகற்ற வேண்டும். (கெனசரேத்துக் கரையில் மீனவர் வலைகளை அலசியதை லூக்கா எழுதியுள்ளார். நாமும் வலையை அலசுகிறோம், படகை அலசுவதில்லை.) பின் 80 இலக்கத்தாலும் 120 இலக்கத்தாலும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். உலரத் தேய்த்தால் எழும் தூசி நெஞ்சுக்குக் கூடாது. முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி அவசியம். கடித்த தோலைச் சொறியாமல் குளிர்நீரில் கழுவுங்கள்.

அடுத்தது காயவிடுதல். இங்கேதான் நாமே தவறினோம். மாலை கழுவி மறுநாட் காலை பிசின் பூசினோம். ஒரு மாதத்தில் தோல் தோலாக உரிந்தது. ஈரம் உள்ளே இருந்தால் பிசின் பிடிக்காது. மழையற்ற காலத்தில் கூரையின் கீழ், காற்றுப் படும்படி பல நாட்கள் விடுங்கள்.

பிசினைக் கெட்டியாக்கும் திரவத்தைக் கிருமிநாசினி போல அளந்தே சேர்க்க வேண்டும். ஒரு கிலோ பிசினுக்கு 10 முதல் 20 கிராம். எமது வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். அதற்கும் குறைத்தால் முழுமையாக இறுகாது. கூட்டினால் பாத்திரத்திலேயே சூடேறிப் புகையும். கால் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். சற்று நேரத்தில் கட்டியாகிவிடும். ஊதா நிறக் கோபால்ற் திரவத்தைத் தனியே தந்தால், அதை முதலில் பிசினில் நன்கு கலந்த பின்னரே கெட்டியாக்கியைச் சேர்க்கவும். இவ்விரண்டும் நேரே கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கெட்டியாக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்: உடனே குறைந்தது பதினைந்து நிமிடம் நீரூற்றிக் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஆயத்தமாகுங்கள். அருகில் பீடியோ அடுப்போ கூடாது. பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

பள்ளமான இடத்தில் கண்ணாடியிழைப் பாய்த்துண்டு வைத்துப் பிசினில் நனைத்து, தூரிகையால் குத்திக் காற்றுக் குமிழை வெளியேற்றவும். கடைசிப் பூச்சான ஜெல்கோட் காற்றுப் படும் பக்கத்தில் பிசுபிசுப்பாகவே நிற்கும். அதற்கென மெழுகு கலந்த வகையை வாங்கலாம். சிறிய இடமானால் பொலித்தீன் தாளைக் குமிழின்றி ஒட்டி, இறுகியபின் உரிக்கலாம்.

கயிறு கட்டும் கட்டைகளையும் ஆணிகளையும் பூச்சுக்கு முன் கழற்றிவிடுங்கள். ஆணித்துளை வழியேதான் நீர் களவாக நுழைகிறது. திரும்பப் பூட்டும்போது துளையைச் சுற்றிக் கடலுக்கு ஏற்ற அடைப்புப் பசை வேண்டும்.

பலநாட் கலன்களில் கூலிக்குப் போகும் எமது பிள்ளைகளுக்கு இன்னொன்று. றேடியோவின் கண்ணாடியிழை அன்ரெனாவும் இவ்வாறே நூல் விடும். உள்ளே கம்பி இருப்பதால் ஆழமாகத் தேய்க்கக் கூடாது. மெல்லத் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, வெயில் தாங்கும் பொலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு தரம் பூசுங்கள். அழகுக்கென்று வெள்ளி நிற அலுமினியப் பெயின்ற் அடிக்கவேண்டாம். அதிலுள்ள உலோகத் தூள் அலையை மறைத்தால் நடுக்கடலில் கூப்பிட்ட குரல் கரைக்குக் கேட்காமற் போகும்.