பந்து வேகம் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் முதல் பிரிவுக் கல்லூரியின் பேஸ்பால் பயிற்றுநர், பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்டு 1 வரை மாணவனிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. ‘அப்போ இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே’ன்னு ஒன்பதாம் வகுப்புப் பையன் படிப்பை விட்டுட்டா, அங்கேதான் வம்பு!

என்.சி.ஏ.ஏ. விதிப்படி 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். சராசரி 4-க்கு 2.3. அதில் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிக்கணும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்கணும். பிறகு அந்தப் பத்தின் மதிப்பெண்ணைத் திரும்பப் படித்து உயர்த்த முடியாது. மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுறவனுக்கும் இதேதான்.

பள்ளி நடத்தும் எல்லாப் பாடமும் கணக்கில் சேராது, தம்பி. அதனால் ஒன்பதாம் வகுப்பு முதல் வாரமே, அங்கீகரித்த பாடப் பட்டியலைப் பள்ளி ஆலோசகரிடம் கேட்டு வாங்குவதுதான் முதல் பயிற்சி.